உருண்டையக்காவின் கழுத்து

உருண்டையக்காவின் முகமும் கழுத்தும் தொங்கிப் போனதற்கு எங்கள் கடை வரிசையில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சர்க்கரை என்றார் சாவிக் கடைக்காரர். தைராய்டு என்றாள் வளையல் கடைக்காரி. ஆனால் சுற்றிச் சுற்றி எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். "பாவம், மகன் போன ஏக்கத்துல உருகிப் போயிட்டா." இதைக் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற இஸ்திரிப் பெட்டியை அவர்கள் வாயிலேயே வைத்துத் தேய்க்கலாமா என்று எனக்கு வரும். அவள் மகன் போனதால் இளைத்தவள் இல்லை. மகன் போய்விடக் கூடாது என்று இளைத்தவள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

என்னுடைய இஸ்திரிக் கடைக்கும் அவர்களுடைய தையல் கடைக்கும் நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும். புதுத் துணி தைக்கிற கடை இல்லை அது. ஆல்ட்டர் வேலை மட்டும். பெரிசைச் சிறிசாக்குவது, சிறிசைப் பெரிசாக்குவது. மாஸ்டர் மெஷினில் இருப்பார். அவர் பெண்சாதி உருண்டையக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், ஓரம் மடித்துக் கையால் தைப்பாள். முடிந்த துணி தடுப்புக்கு மேலாக என் மேசையில் வந்து விழும்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். இடுப்பைப் பிடித்துக் கொடுங்கள், தோளைப் பிடித்துக் கொடுங்கள் என்று வருகிற துணியில் மிச்சத்தை வெட்டி எறிய மாட்டார். உள்ளே மடித்து வைத்துத் தைத்துவிடுவார். தையல் தடித்துப்போய் எனக்குத்தான் தேய்க்கப் பாடு. கேட்டால், "மனுஷ உடம்பு ஏறும், இறங்கும்மா. வெட்டிப் போட்டுட்டா நாளைக்கு எங்க போய்த் தேடுறது?" என்பார். அவர் சொன்னபடியே ஆட்கள் ஒன்றிரண்டு வருஷம் கழித்து அதே துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாஸ்டர் பிளேடால் நாலு தையலைப் பிரித்து விட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார்.

உருண்டையக்கா என்ற பெயர் பிடிக்கக் கொடுத்த சீருடையை வாங்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்தது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. முக்காலியில் உட்கார்ந்தால் முக்காலி தெரியாது. சிரித்தால் கண் இரண்டும் உள்ளே போய்விடும். "எனக்குக் கழுத்து வைக்க மறந்து அனுப்பிட்டாங்கடி" என்று அவளே சொல்லுவாள். வேலையில் கெட்டி. அவள் எடுத்த காஜாவில் ஒரு நூல் விலகி நான் பார்த்ததில்லை. சாப்பாட்டிலும் கெட்டிதான். மத்தியானம் அவள் டப்பாவைத் திறந்தால் எனக்கும் ஒரு பங்கு தடுப்புக்கு மேலாக வரும்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தான். சின்னவள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள். பெரியவன் முகம் ஒரு சமயம் ஊதத் தொடங்கியது. அம்மா ஜாடை வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் கேலி பண்ணினோம். அவனும் கன்னத்தை உப்பிக் காட்டிச் சிரித்தான். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் நல்லது என்றார்கள். மாஸ்டருக்குச் சர்க்கரை இருந்ததால் அவரை வாசலிலேயே கழித்துவிட்டார்கள். சின்னவளுடைய இரத்தம் சேரவில்லை. அக்காவுடையது எல்லாம் பொருந்தி வந்தது, உடம்பு எடையைத் தவிர. குறைத்துவிட்டு வாருங்கள், இந்த எடையில் உங்களை மேசையில் படுக்க வைக்க எங்களுக்குத் தைரியம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவள் நேராக என் கடைக்குள் வந்து துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு குறைக்கணும்னு கேட்டேன்டி. இன்னொரு ஆளையே இறக்கி வச்சிட்டு வரச் சொல்றாரு."

"முடியுமாக்கா?"

"முடியாம? அவனைச் சுமந்து இறக்கினவதானே நான். இதையும் இறக்கி வைக்கிறேன்."

இறக்கினாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சும்மா பேச்சுக்குச் சொல்லுவோமே, அதைக் கண்ணால் பார்த்தேன். காலையில் ஒரு முட்டை, மத்தியானம் வேகவைத்த காய், இரவில் ஒரு கிண்ணம் சூப்பு. கடைகள் திறக்கும் முன்பு எங்கள் வரிசையை முன்னும் பின்னுமாகச் சுற்றி நடப்பாள். மழை வந்தால் தகரக் கூரைக்கு அடியிலேயே நடப்பாள். சாவிக் கடைக்காரர் "அக்கா, ரோடு தேயுது" என்பார். "உன் நாக்கு தேயலையே" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போய்விடுவாள்.

தராசில் மட்டும் ஏற மாட்டாள். மருந்துக் கடை வாசலில் இருந்த தராசில் முதல் தடவை ஏறியபோது யாரோ சிரித்துவிட்டார்கள் போல. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு ஏற்றினால்தான் உண்டு. "எங்க வீட்டுத் தராசு சட்டைதான். சட்டை பொய் சொல்லாது" என்பாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. சட்டை தொளதொளத்ததும் மாஸ்டர் பிடித்துத் தைப்பார். மறுபடி தொளதொளக்கும், மறுபடி பிடிப்பார். மிச்சத் துணி உள்ளே மடிந்து மடிந்து ஒரு கட்டத்தில் அவள் சட்டையின் பக்கத் தையல் என் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்துவிட்டது.

வருஷம் திரும்புவதற்குள் அவளில் பாதியைக் காணோம். கொழுப்புப் போன வேகத்துக்குத் தோல் ஈடு கொடுக்கவில்லை. கன்னம் இரண்டும் வழிந்து தாடை ஓரத்தில் வந்து நின்றது. வைக்க மறந்த கழுத்து வெளியே வந்தது, ஆனால் தாடையிலிருந்து நெஞ்சுக்குழி வரை இரண்டு மடிப்பாகத் தோல் தொங்கியது. டயாலிசிஸ் முடிந்து வந்து கடை பெஞ்சில் படுத்திருந்த பெரியவன் அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டான்.

"ஏம்மா, அப்பா துணியை மடிச்சு வைக்கிற மாதிரி நீ இவ்வளவு நாளா உள்ளே இதையெல்லாம் மடிச்சு வச்சிருந்தியா?"

"சிரிடா, சிரி. யாருக்காகத் தொங்குதுன்னு நினைச்சே?"

"சரி, நீ எனக்குக் கிட்னி குடு. நான் எழுந்து வேலைக்குப் போய் உன் மூஞ்சியை இழுத்துக் கட்டித் தர்றேன். கணக்கு தீர்ந்துடும்."

மாஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவன் சிரித்து நான் பார்த்ததில் அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் என்கிற நிலைமையில் உடம்பு அடம் பிடித்தது. சாப்பிட்டாலும் ஒன்றுதான், சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான் என்று அசையாமல் நின்றுவிட்டது. இப்படி நிற்பது வழக்கம்தான், பொறுமையாக இருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாடு சொல்லிக்கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாளாம். பெற்றவளுக்கு எங்கிருந்து வரும் பொறுமை. முட்டையை நிறுத்தினாள். பிறகு சூப்பை நிறுத்தினாள். வெந்நீரும் வெள்ளரிக்காயும் என்று ஆனது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தினமும் இதே பேச்சு.

"ஒரு முட்டையாவது தின்னும்மா" என்பார் மாஸ்டர்.

"சட்டை அப்படியே பிடிக்குதுங்க. போன மாசம் எங்க பிடிச்சுதோ அங்கயே பிடிக்குது."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். உள்ளே போறது நின்னாத்தான் வெளியே இருக்கறது போகும்."

"அந்தப் பொண்ணு பட்டினி கிடக்கக் கூடாதுன்னுதானே சொல்லுச்சு."

"அந்தப் பொண்ணோட புள்ளையா அங்க குழாய் மாட்டிக்கிட்டுக் கிடக்கு?"

மாஸ்டர் மென்று முழுங்கிக்கொண்டு மெஷினை மிதிப்பார். ஒரு நாள் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியும் கையுமாகச் சாய்ந்துவிட்டாள். ஊசி விரலில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. தண்ணீர் தெளித்து எழுப்பியதும் முதலில் துணியில் இரத்தம் பட்டுவிட்டதா என்றுதான் கேட்டாள். மாஸ்டர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அதற்கு மறுநாளோ என்னவோ, அவள் மகனோடு டயாலிசிஸுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மாஸ்டர் பிளேடும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய சாம்பல் நிறச் சட்டை. பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, அக்கா சட்டையைப் பிடிக்கத்தானே செய்வீங்க. பிரிக்கிறீங்க?"

"சத்தம் போடாதேம்மா." எழுந்து தடுப்பு ஓரமாக வந்தார். "ரெண்டு பக்கமும் ஒரு நூல் அகலம் விடுறேன். நாளைக்குப் போட்டுப் பாத்துட்டு லூசாயிடுச்சுன்னு நினைப்பா. அந்தச் சந்தோஷத்துல நாலு வாய் திம்பா. இப்படியே விட்டா அவனுக்கு முன்னாடி இவ போயிடுவா."

"அக்காவுக்குத் தெரியாதா?"

"என் கையை எங்க சந்தேகப்படப் போறா. நீ பழைய தையல் ஓட்டை தெரியாம தண்ணி தெளிச்சு அழுத்தித் தேய்ச்சுக் குடு."

தேய்த்துக் கொடுத்தேன். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன், இன்றைக்கும் அதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல என் நாக்கு வராது. மறுநாள் காலையில் அக்கா தடுப்புக்கு மேல் முகத்தை வைத்து, "பாருடி, கை உள்ளே போகுது" என்று அக்குளுக்குக் கீழே விரலை விட்டுக் காட்டினாள். எத்தனையோ நாள் கழித்து அவள் கண் உள்ளே போகும்படி சிரித்தாள். அன்றைக்கு முட்டை தின்றாள், ரொட்டி தின்றாள். சாயங்காலம் எனக்கு டீயோடு வந்த பன்னைப் பார்த்து, "பாதி குடேன். சட்டையே சொல்லுதே திங்கலாம்னு" என்று வாங்கிக்கொண்டாள். மாஸ்டர் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை பிரித்து விட்டார். பன்னும் தொடர்ந்து வந்தது. ஒன்றிரண்டு நாள் முழுசாகவே தின்றாள்.

ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு எடை பார்த்த அன்றைக்கு எல்லாம் வெளுத்துவிட்டது. எடை குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. போய் ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் வந்து முக்காலியில் உட்கார்ந்து சட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"லூசாத்தானேங்க இருந்துச்சு?"

மாஸ்டர் குனிந்து ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தார். "துணி நைஞ்சிருக்கும்" என்றார். நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்த ஒரு மாதம் அவள் மறுபடியும் வெந்நீரில் இருந்தாள். இந்த முறை மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, சட்டையைத் தொடவும் இல்லை. எடை இறங்கவும் செய்தது. ஆனால் மாதம் முடியும் முன்பே பெரியவனுக்குக் கழுத்தில் குழாய் போட்ட இடத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டது. இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒரு வாரம்கூட இல்லை. கிட்னி வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அதற்கும் ஆயிரம் ஆபத்து இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தப் பேச்செல்லாம் எடுபடாது. கொடுக்க வேண்டிய கிட்னி அவள் வயிற்றிலேயே இருந்தது, அதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

துக்கம் கழிந்து அவர்கள் கடை திறந்த பிறகு ஒரு சாயங்காலம் எனக்கு டீ வந்தது, கூடவே பன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தப் பன்னுதாண்டி என் புள்ளையைத் தின்னுச்சு" என்றாள்.

"என்னக்கா பேசறீங்க."

"வாயைக் கட்டி வச்சிருந்தா போன மாசமே முடிஞ்சிருக்கும். கொஞ்சம் லூசானதும் நாக்கு நீண்டுடுச்சு எனக்கு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது. மாஸ்டர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். மெஷின்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. நானும் பன்னைக் காகிதத்தில் சுற்றி மூலையில் எறிந்துவிட்டுத் துணியை எடுத்தேன். புருஷன் பெண்சாதி நடுவில் நான் போய் எதைச் சொல்ல.

அதற்குப் பின் அவள் எடை அப்படியே நின்றுவிட்டது. முகம் மட்டும் இன்னும் தொய்ந்தது. வெயில் காலத்தில் கழுத்து மடிப்புக்குள் வேர்த்து, புண்ணாகி, சிவந்து கிடக்கும். பவுடர் போடுவாள், மெல்லிய துணியை மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். மாஸ்டர் காலர் உயர்த்திச் சட்டை தைத்துக் கொடுத்தார். அது இன்னும் புழுங்கியது. இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிசில்லை. அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியும் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, "மகன் போன துக்கம் உங்களை எப்படிக் கரைச்சிடுச்சு" என்று உச்சுக் கொட்டுவாள். அதுதான் அவளைத் தின்றது.

"அவனுக்காக இளைச்சேன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கவாடி?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "துக்கத்துல இளைச்சவள்னு சொன்னா நான் நல்ல அம்மா ஆயிடறேன். அந்தப் பேரு எனக்கு வேண்டாம். இந்த மூஞ்சி இருக்கற வரைக்கும் அதை விட மாட்டாளுங்க."

சின்னவள் அதற்குள் வேலைக்குப் போயிருந்தாள். தோல் அறுவை பண்ணுகிற ஒரு டாக்டரம்மாவை அவள்தான் விசாரித்து வைத்தாள். அவளுக்கு லீவு கிடைக்காததால் நான் கடையைச் சாத்திவிட்டு அவர்களோடு போனேன்.

டாக்டரம்மா அக்காவை விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, கன்னத்தைக் கிள்ளி, கழுத்துத் தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டுப் பார்த்தார். விட்ட இடத்தில் அது அப்படியே நின்று மெதுவாக இறங்கியது.

"சூடு குடுத்து இறுக்குற மெஷின் இருக்கும்மா. அது லேசாத் தொய்ஞ்சவங்களுக்குத்தான். உங்களுக்குப் பலன் இருக்காது, வீணா நம்ப வேண்டாம். காதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு, பின்னாடி சுத்தி, முடிக்குள்ள போற மாதிரி கீறணும். தாடைக்கு அடியில சின்னதா ஒண்ணு. உள்ளே இருக்கற தசையை முதல்ல இழுத்துத் தைச்சிட்டு, அது மேல தோலைப் படிய வச்சு, மிச்சத்தை வெட்டி எடுத்துடுவோம்."

"உள்துணியை விட்டுட்டு மேல்துணியை மட்டும் இழுத்தா சுருக்கம் விழும்" என்றார் மாஸ்டர், தன்னையறியாமல்.

டாக்டரம்மா சிரித்தார். "அதேதாங்க."

"மிச்சத்தை வெட்டாம உள்ளே மடிச்சு வைக்க முடியாதுங்களா?"

"தோலை மடிச்சு வச்சா உள்ளே அழுகிடும். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. பழக்கம்."

தழும்பு இருக்கும், காது ஓரம் கொஞ்ச நாள் மரத்துப் போகும், அபூர்வமாக நரம்பு அடிபட்டு வாய் கோணலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். பிறகு எடையைப் பற்றிக் கேட்டார். ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் செய்து பயனில்லை, மறுபடி தொங்கும் என்றார்.

"ஒரு வருஷமா ஒரே எடைங்க" என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாடி ஒரு தடவைதான் ஏறுச்சு. அது எனக்கு இன்னும் புரியலை டாக்டர். சட்டையெல்லாம் லூசாயிடுச்சு, எடை மட்டும் ஏறியிருந்துச்சு. திருட்டுத்தனமாப் பன்னு தின்னேன், அதுதான். ஆனா சட்டை எப்படி லூசாச்சு?"

"துணி தளர்ந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பேனாவை எடுத்து அவள் தாடையிலும் காது ஓரத்திலும் கோடு போட்டார். மாஸ்டர் சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார். பின்கழுத்தில் அவருக்கு வேர்த்து வழிந்தது.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் பச்சை உடுப்பு மாட்டி அவளைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் வந்து எல்லோரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லம்மா" என்றாள் அக்கா.

"ஒண்ணுமே சாப்பிடலையே?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல. ராத்திரியில இருந்து ஒண்ணும் தொடலை. அவரைக் கேளுங்க. பன்னுகூடத் தொடலைம்மா." எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நம்புங்கம்மா. நான் ஒண்ணுமே திங்கலை."

நர்ஸ் பயந்துபோய், "சரிம்மா, நம்பறேன், படுங்க" என்று தோளைப் பிடித்துச் சாய்த்தாள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள், கதவு சாத்தும் வரை. மாஸ்டர் நடைபாதையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் அவளை அறைக்குக் கொண்டுவந்தார்கள். தலையைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் கட்டு. காதுக்குப் பின்னாலிருந்து இரண்டு மெல்லிய குழாய். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அதிகம் பேசக் கூடாது, மெல்லக் கூடாது, சிரிப்பு அழுகை இரண்டும் வேண்டாம், தையல் இழுக்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். சின்னவள் மருந்து வாங்கப் போயிருந்தாள். மாஸ்டர் கஞ்சியை ஆற்றி, ஒரு கரண்டி எடுத்து, அவள் வாய்க்குக் கொண்டுபோனார். பாதியில் கரண்டி நின்றது.

"பன்னு இல்லம்மா" என்றார். "நான்."

அவள் பார்த்தாள்.

"சட்டை தானா லூசாகலை. நான் பிரிச்சு விட்டேன். மூணு தடவை. நீ கிறுகிறுத்து விழுந்ததைப் பாத்துப் பயந்துட்டேன். லூசாச்சுன்னு நம்பி நீ திங்கணும்னு செஞ்சேன். தின்னது உன் நாக்கு இல்ல. நான் ஊட்டினது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்ணே, இதைச் சொல்ல இத்தனை நாள் விட்டுட்டு இன்னைக்குத்தான் நேரம் பாத்தீங்களா? வாயைத் திறக்க முடியாதவகிட்ட?"

"வாயைத் திறக்க முடிஞ்ச அன்னைக்கு எனக்குத் தைரியம் வரலைம்மா" என்றார்.

அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அசைய விடாமல்தான் கட்டியிருந்தார்களே. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக் கட்டுத் துணி நனைந்தது. பல்லைத் திறக்காமலே பேசினாள். இத்தனை வருஷத்தில் அவரை அவள் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"என் பசியைத்தான் நீ பாத்தே."

"அம்மா..." என்றார் மாஸ்டர்.

"எனக்குப் பசிச்சா நான் தாங்குவேன். நான் அவன் அம்மா."

கையை நீட்டிக் கிண்ணத்தை அவரிடமிருந்து வாங்கினாள். என்னிடம் கொடுத்தாள். நான் ஊட்டினேன். மாஸ்டர் வெறும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார். கஞ்சி கொஞ்சம் அவள் போர்வையில் சிந்தியது.

தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, நீலம் பச்சையாகி மஞ்சளாகி மறைந்த பின் முகம் நன்றாகத்தான் வந்திருந்தது. தாடை எலும்பு தெரிந்தது. கழுத்து வழவழவென்று இருந்தது. காது ஓரத்துத் தையல் பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். அக்கா கடைக்கு வரத் தொடங்கினாள். அவரோடு வேலைப் பேச்சு மட்டும் உண்டு. நாலு பட்டன், கறுப்பு நூல், இவ்வளவுதான். மத்தியானம் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து துணி மூட்டை மேல் உட்கார்ந்து தின்பாள். மாஸ்டர் அந்தப் பக்கம் தனியாகத் தின்பார், அல்லது தின்னாமல் இருப்பார்.

பாவாடை இடுப்பைப் பிடிக்கக் கொண்டுவந்த ஒரு டீச்சரம்மா அக்காவைப் பார்த்துப் பூரித்துப் போனாள். "பத்து வயசு குறைஞ்சிடுச்சு. இப்பத்தான் பாக்க நிம்மதியா இருக்கு. மகன் போன ஏக்கமெல்லாம் மூஞ்சியை விட்டுப் போயிடுச்சு."

அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாஸ்டர்தான் எழுந்தார், கழுத்தில் டேப் தொங்க.

"அவ ஏக்கத்துல இளைக்கலைங்க. புள்ளைக்குக் கிட்னி குடுக்க இளைச்சா. வயித்தைக் காயப்போட்டு இளைச்சா. இன்னும் கொஞ்சம்தான் இருந்துச்சு. நான் சட்டையைப் பிரிச்சு விட்டு ஏமாத்தித் திங்க வச்சேன். அதுல நாள் தள்ளிப் போச்சு. அவன் போயிட்டான். அவ மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எல்லாம் நான்."

டீச்சரம்மா பாவாடையை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. இவ்வளவு நாள் கழித்தாவது சொல்ல வாய் வந்ததே என்று.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. மறுநாள் பேண்ட் கொண்டுவந்தவரிடம் சொன்னார். அவர் கேட்கக்கூட இல்லை. சாவிக் கடைக்காரரிடம் சொன்னார், வளையல் கடைக்காரியிடம் சொன்னார், விலாசம் விசாரித்து நின்ற ஆளிடம் சொன்னார். அதே வார்த்தைகள், அதே வரிசையில். பிரிச்சு விட்டேன், திங்க வச்சேன், நாள் தள்ளிப் போச்சு, போயிட்டான். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு நழுவினார்கள். சிலர் அடுத்த தெருத் தையல் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். சொல்லி முடித்த ஒவ்வொரு தடவையும் அவர் அக்காவைத் திரும்பிப் பார்ப்பார். அவள் காஜாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம், ஒதுங்க வந்த பெரியவர் ஒருவர் எங்கள் கூரைக்கு அடியில் குடையை உதறிக்கொண்டு நின்றார். மாஸ்டர் எழுந்து அவர் பக்கத்தில் போனார். "அதோ அவ இருக்கா பாருங்க" என்று ஆரம்பித்தார்.

"போதும்ங்க" என்றாள் அக்கா.

மாஸ்டர் திரும்பினார்.

"நீங்க ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் அவன் மறுபடி ஒரு தடவை சாகுறான். நானும் எத்தனை தடவைதான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?"

பெரியவர் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்துவிட்டு, மழையோடு மழையாகக் குடையை விரித்துக்கொண்டு போனார். மாஸ்டர் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மழை விட்ட பிறகும் அவர் மெஷினை மிதிக்கவில்லை.